ஆவணமும் வரலாறும்: ஆம்பூரை முன்வைத்து



ஒரு மாநிலத்தின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், தலைநகரில் இருக்கிறது என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் விடை. சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு ஆவணங்களுக்கென்றே எழுப்பப்பெற்ற கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்நாளில் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என வழங்கிய அந்நிறுவனமே இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். புனித ஜார்ஜ் கோட்டையின் 1670-கள் முதலான பதிவுகள், வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள், மாவட்டத்து ஆட்சியர்கள் எழுதிய கடிதங்கள் என அங்கே அடுக்கப்பட்டுள்ள தொகுதிகளைக் காண்பவர், இதற்கு மேல் ஒரு மாநிலத்துக்கு வேறென்ன நினைவு வேண்டும் என்றே வியப்பர்.

அவ்விடை தவறன்று; ஆனால் பாதி விடை. அரசு எதை அறிய விரும்பியதோ அதுவே அரசின் ஏட்டில் ஏறியது. நிலத்தின் தீர்வை ஏறியது. உழுதவனின் பேச்சு ஏறவில்லை. ஏற்றுமதியான தோலின் எடை ஏறியது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவனின் கால் எப்படிப் புண்ணாயிற்று என்பது ஏறவில்லை. விடையின் மறுபாதி ஊர்களில் இருக்கிறது. கல்லாகவும் செப்பேடாகவும் கணக்குப் புத்தகமாகவும் வழக்குக் கட்டாகவும் முதியோரின் வாய்மொழியாகவும் அது சிதறிக் கிடக்கிறது. ஆம்பூர் என்ற ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அதன் வரலாறு எத்தனை இடங்களில், எத்தனை மொழிகளில், எத்தனை கைகளில் உள்ளது என்று காண்பதும், அதில் எது அழியும் தறுவாயில் உள்ளது என்று சுட்டுவதுமே இவ்வுரையின் நோக்கம்.

கல் சொல்லும் செய்தி

ஆம்பூரின் பழைய ஆவணங்களில் தலையாயவை இரண்டு நடுகற்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றவை அவை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி எனக் கொள்ளலாம். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அவற்றைப் படித்து, 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் வெளியிட்டார். படுவூர்க் கோட்டத்தைச் சேர்ந்த ஆமையூரின் ஆநிரையைக் கவர நுளம்பர் படை வந்தது; அப்படையை எதிர்த்துப் போரிட்டு வீரர் மாண்டனர்; இதுவே அக்கற்கள் சொல்லும் செய்தி. ஆமையூர் என்பதே இன்றைய ஆம்பூர்.

இக்கற்கள் ஒரு பேரரசின் வெற்றியைப் பாடவில்லை என்பது கருதத்தக்கது. கொடை இல்லை, கோயில் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. மாடு கவர வந்தவர்களைத் தடுத்து ஊரின் ஓரத்தில் விழுந்தவனின் பெயரும் அவன் யாருக்கு உறவு என்பதும் மட்டுமே உள்ளன. மன்னனின் பெயர் அங்கே காலத்தைக் குறிக்க வந்தது. வீரனின் பெயரோ நினைவுக்கென்றே வந்தது. ஊருக்காக இறந்தவனை ஊர் மறக்கலாகாது என்ற அறம் அந்நாளில் கல்லில் எழுதப்பட்டது. சங்கப் பாடல்கள் போற்றிய நடுகல் மரபு வட தமிழகத்தின் மேய்ச்சல் நிலங்களில் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்ததற்கு, 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை பதிப்பித்த செங்கம் நடுகற்களும் சான்றாகும்.

ஆம்பூரை அடுத்து, பாலாற்றின் கரையோரமாகச் சென்றால் உதயேந்திரம் வரும். இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லனுக்காகப் போர்கள் பல வென்ற படைத்தலைவன் உதயசந்திரன். அவன் வேண்டுகோளின்படி மன்னன் ஒரு கிராமத்தை அந்தணர்க்கு அளித்து, அதற்கு உதயசந்திரமங்கலம் எனப் பெயர் சூட்டிய செய்தியை உதயேந்திரம் செப்பேடுகள் கூறுகின்றன. பராந்தக சோழனின் காலத்துச் செப்பேடும் அவ்வூர்த் தொடர்பில் கிடைத்துள்ளது. பல்லவர் வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் இவ்வேடுகளைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் கிடைத்த செம்புத் தகடுகள் ஒரு மாநிலத்தின் வரலாற்றுக்குத் தூணாயின என்பதை எண்ணிப் பார்த்தால், ஊர் வரலாறு வேறு, மாநில வரலாறு வேறு எனப் பிரிப்பது எத்துணைப் பிழை என்பது விளங்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. தமிழகக் கல்வெட்டுகளிலிருந்து எடுக்கப்பெற்ற மைப்படிகள் ஆயிரக்கணக்கில் நெடுங்காலம் மைசூரில் உள்ள மைய அரசின் கல்வெட்டுப் பிரிவில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. கல்லின் மேல் சுண்ணாம்பு பூசப்படலாம், கல் உடைக்கப்படலாம், கல்குவாரியில் மறைந்தும் போகலாம். அப்போது எஞ்சுவது அந்த மைப்படி ஒன்றே. ஆகவே படி எங்கே இருக்கிறது, யார் சென்று காணலாம் என்ற வினாக்கள் கல்லைப் பற்றிய வினாக்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

போரை எழுதியவர் யார்?

இந்திய வரலாற்று நூல்களில் ஆம்பூருக்கு ஒரு வரி உண்டு. 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வாருத்தீன்கான் கொல்லப்பட்டார் என்பதே அவ்வரி. முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையின் துணையுடன் வென்றனர். நவாபின் மூத்த மகன் மாபூஸ்கான் சிறைப்பட்டார். இளையவர் முகமதலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். கர்நாடகப் போர்களின் இரண்டாம் கட்டம் இவ்வாறு ஆம்பூர் மண்ணில் தொடங்கிற்று.

இப்போரை எழுதியவர்கள் யாவர்? ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து ராபர்ட் ஆர்ம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் தம் ஆட்சிக் கடிதங்களில் எழுதினர். நவாப் குடும்பத்தின் நோக்கில் புர்ஹான் என்பார் பாரசீகத்தில் 'தூசக்-இ-வாலாஜாஹி' இயற்றினார். அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகமது உசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1934-இலும் 1939-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது.

அதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற அந்நாட்குறிப்பு 1846-இல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பெற்றது. பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்த டாட்வெல் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் முதல் காப்பாளராக இருந்தவர். ஆனால் தமிழ் மூலம் 1948-இல்தான் புதுச்சேரியில் தொடர்ந்து அச்சேறத் தொடங்கியது. தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழர் ஆங்கிலத்தில் படித்து அறிந்த காலம் நாற்பதாண்டுக்கு மேல் நீடித்தது. காப்பது ஒரு பணி, பதிப்பிப்பது மற்றொரு பணி. காத்தும் பதிப்பிக்காமல் விட்டால், மூலம் இருந்தும் இல்லாததே ஆகும்.

ஆங்கிலம், பிரெஞ்சு, பாரசீகம் என இத்தனை மொழிகளில் போர் எழுதப்பட்டும், படைகள் மிதித்துச் சென்ற வயலுக்கு உரியவர், மாட்டையும் தானியத்தையும் இழந்தவர், கோட்டைக்கும் ஆற்றுக்கும் இடையே ஓடி ஒளிந்த குடும்பங்கள் பற்றி அவ்வேடுகள் சொல்வது மிகக் குறைவு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆநிரைக்காக இறந்தவனுக்குக் கிடைத்த வரி, பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபின் போரில் அழிந்தவனுக்குக் கிடைக்கவில்லை. ஆவணங்கள் பெருகப் பெருக எளியோரின் பெயர் சுருங்கியது என்பது கசப்பான உண்மை.

எல்லை நகரும்போது ஏடும் நகரும்

மாநிலத்தின் வரலாற்றை ஆவணப்படுத்துவோர்க்கு வாய்க்கும் முதல் இடையூறு, மாநிலமே ஒரே வடிவில் நில்லாமைதான். 1911 வரை வடார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வேலூர் வடார்க்காட்டின் தலைமையிடமாயிற்று. சேலம் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூர் வட்டம் வடார்க்காட்டோடு சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அங்கே சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பிற்று. 1989-இல் வடார்க்காடு இரண்டானது; ஆம்பூர் வடார்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் அடங்கிற்று. பின் அது வேலூர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் உருவாக, ஆம்பூர் அதனுள் வந்தது.

இப்பட்டியலைச் சொல்வது பொழுதுபோக்குக்கு அன்று. ஆம்பூரின் பழைய நிலப்பதிவு ஒன்றையோ, நகராட்சிக் கோப்பு ஒன்றையோ தேடுபவர் இத்தனை தலைப்புகளின் கீழும் தேட வேண்டும். ஆங்கில ஏடுகளில் ஊர்ப்பெயர் எழுத்துமாறி வருவதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாவட்டம் பிரிந்தால் அலுவலகங்கள் பிரிகின்றன. அலுவலகங்கள் பிரிந்தால் கோப்புகள் வண்டியேறுகின்றன. எந்தக் கோப்பு எங்கே சென்றது என்ற பட்டியல் அந்நாளிலேயே எழுதப்படாவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதை எழுத எவராலும் இயலாது.

ஏடுகள் அச்சத்தாலும் இடம் பெயர்ந்துள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், சென்னை தாக்கப்படலாம் என அஞ்சி எழும்பூர் ஆவணங்கள் சித்தூர் மாவட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆம்பூருக்கு வடக்கே மலைத்தொடரைக் கடந்தால் வருவது அம்மாவட்டம். முந்நூறு ஆண்டுக் கால நினைவு இவ்வட்டாரத்தின் அருகே வந்து தங்கியிருந்தது. போர்க்காலத்திலும் ஏடுகளைக் காக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

பழைய தாளால் என்ன பயன் என்று கேட்போர்க்குப் பாலாறே விடை சொல்லும். 1892 பிப்ரவரியில் சென்னை மாகாண அரசும் மைசூர் அரசும் ஆற்றுநீர் குறித்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் அட்டவணையில் பாலாறும் இடம்பெற்றது. நூறாண்டுக்கு மேல் கழிந்து, பாலாற்றின் குறுக்கே குப்பம் பகுதியில் ஆந்திர அரசு அணைகட்ட முனைந்தபோது, தமிழக அரசு 2006-இல் உச்சநீதிமன்றம் சென்றது. அந்த 1892-ஆம் ஆண்டுத் தாளையே தன் வாதத்தின் கைக்கோலாகக் கொண்டது. 1903 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடியில் பெருஞ்சேதம் விளைவித்தது. நீர் எதுவரை ஏறியது, எந்த ஏரி உடைந்தது என்ற அந்நாளைய குறிப்பு, இன்று ஆற்றோரத்தில் வீடுகட்டுவோர்க்கும் அவ்வீட்டுக்கு அனுமதி வழங்குவோர்க்கும் எத்துணைத் தேவை என்பதை 2021-ஆம் ஆண்டு வெள்ளம் மீண்டும் உணர்த்திற்று.

தோலின் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடும் தொழில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கி 1856-இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை மேற்கே நீண்டு இவ்வூர்களைத் தொட்டது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளோடும் துறைமுகத்தோடும் இவை இணைந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு பதனிட்ட தோல் இலண்டன் சந்தையில் தனிப் பெயர் பெற்றது. குரோம் பதனீட்டுக்காகச் சென்னையில் முயன்ற ஆல்பிரட் சாட்டர்டன் 1904-இல் மாகாணத்தின் தோல் தொழில் குறித்து ஒரு தனிநூல் எழுதினார். 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு விதிக்க, முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் முன்னுக்கு வந்தன. இன்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெருந்தொகையினர் பெண்கள்.

இவ்வளவும் அச்சில் உள்ள வரலாறு. ஆனால் தொழிலின் உட்புற வரலாறு அச்சில் இல்லை. அது வணிகக் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் உள்ளது. பேரேடு தமிழிலும், கடிதம் உருதுவிலும், இலண்டன் தரகருக்கு எழுதிய நகல் ஆங்கிலத்திலும் இருக்கக்கூடும். ஒரே கடையின் கணக்கைப் படிக்க மூன்று மொழி தெரிந்தவர் வேண்டும். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் நிறுவப்பெற்ற ஜாமியா தாருஸ்ஸலாம் போன்ற கல்வி நிலையங்கள் வளர்த்த உருதுப் புலமையைத் துணைக்கொள்ளாமல் இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுத முற்படுவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதற்கு ஒப்பாகும். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் திருச்சபையின் பணியாளர்கள் 1890-களில் இவ்வட்டாரத்தில் பணி தொடங்கினர். அத்திருச்சபையின் வரலாற்று ஆவணகம் இருப்பதோ செயின்ட் லூயிஸ் நகரில். பள்ளி, மருத்துவமனை, பஞ்சம், மதமாற்றம் பற்றிய ஆம்பூர்ச் செய்திகளைத் தேடுவோர் கடல் கடந்தும் தேட வேண்டியிருக்கிறது.

தொழிலாளரின் வரலாறு இதனினும் அரிது. ஈரத்தோலைத் தோளில் சுமந்தவர், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர், முடி மழித்தவர், சவ்வு நீக்கியவர் ஆகியோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்கள் கணக்குப் புத்தகம் எழுதவில்லை. கணக்குப் புத்தகத்தில் கூலியாகவும் முன்பணமாகவும் எழுதப்பட்டனர். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தோலின் ஒவ்வொரு தரத்துக்கும் அவர்களிடம் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. பட்டைப் பதனீடு அருகி எந்திரம் பெருகியபோது அச்சொற்களும் அருகின. அவற்றை அறிந்த தலைமுறை இன்று முதுமையின் எல்லையில் உள்ளது. காகிதத்தைச் செல் அரிக்க ஐம்பது ஆண்டு ஆகலாம்; ஒரு முதியவர் மறைய ஓர் இரவு போதும்.

படைப்பிலக்கியம் இவ்விடத்தில் ஓரளவு கைகொடுத்துள்ளது. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். அந்நாவல் 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் இவ்வட்டாரத்து ஒடுக்கப்பட்டோர் வாழ்வைத் தம் கதைகளிலும் நாவல்களிலும் கொண்டுவந்துள்ளார். இலக்கியம் ஆவணத்துக்கு மாற்றாகாது. ஆனால் எதை ஆவணப்படுத்த வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சுட்டிவிடுகிறது.

வழக்குக் கட்டும் வரலாறே

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்ததே வழக்கின் பொருள். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் அத்தீர்ப்பின் வேர் இந்தப் பாலாற்றங்கரையில் உள்ளது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கு அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்காக மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றது. இவ்விவகாரம் அத்தோடு முடியவில்லை. இழப்பீடு, மாசு நீக்கம் ஆகியன குறித்து உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30-ஆம் நாள் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

இவ்வழக்கின் கட்டுகள் ஒரு வட்டாரத்தின் வரலாற்றுக் களஞ்சியம். எந்தக் கிணறு எப்போது உவர்த்தது, எந்த வயலில் எந்தப் பயிர் நின்றது, எந்த ஆலை எப்போது தொடங்கியது என்ற விவரங்கள் மனுக்களிலும் ஆய்வறிக்கைகளிலும் உறுதிமொழிகளிலும் உள்ளன. ஆயினும் தீர்ப்பைத்தான் எல்லோரும் பாதுகாக்கின்றனர். தீர்ப்புக்கு அடிப்படையான விண்ணப்பத் தாளை யாரும் பாதுகாப்பதில்லை. தம் கிணற்று நீர் எப்படி மாறியது என்று ஒரு விவசாயி எழுதிக்கொடுத்த மனுவின் நகல் அவர் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அடுத்த தலைமுறை வீட்டை இடிக்கும்போது அது குப்பையோடு போகும். அன்று அந்தக் கிணற்றின் வரலாறும் முடியும்.

ஆலை உரிமையாளரின் பேரேடும் தொழிலாளியின் வாய்மொழியும் விவசாயியின் மனுவும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. தொழில் வளர்ந்ததும் உண்மை. ஆறு கெட்டதும் உண்மை. இரண்டுக்கும் இடையே உழைத்து வாழ்ந்தவர் பல்லாயிரவர் என்பதும் உண்மை.

இல்லங்கள் காத்த ஏடுகள்

அரசு காக்காததை மக்கள் காத்த நிகழ்ச்சிகள் தமிழகத்தில் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் நூலும் இதழும் துண்டறிக்கையும் அழைப்பிதழும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. தொகுப்பு தமிழகத்தை விட்டு நீங்காமல், 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நாடகத் துண்டறிக்கை ஒரு நாள் வரலாற்றுச் சான்றாகும் என அவர் சேர்த்த காலத்தில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

அதனினும் இவ்வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ். 1907-இல் தொடங்கி, 1914-இல் அவர் மறையும் வரை அவர் நடத்திய அவ்விதழ், வடார்க்காட்டு மக்கள் பெருமளவில் குடியேறிய கோலார் தங்கவயலில் ஆர்வத்தோடு படிக்கப்பெற்றது. கல்விக்கூடங்களின் நினைவிலிருந்து அவ்விதழ் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. ஆனால் அன்பு பொன்னோவியம் போன்றோர் அதன் படிகளைப் போற்றி வைத்திருந்தனர். அவ்வாறு காக்கப்பெற்றவற்றைக் கொண்டு ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதன்பின் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிந்தனையின் வரலாறே திருத்தி எழுதப்பட்டது. ஒரு மாநிலத்தின் வரலாற்றைத் திருத்திய ஆவணம் அரசு மாளிகையில் இல்லை; எளிய மனிதர் கட்டிவைத்த மூட்டைகளில் இருந்தது.

செய்யத்தக்கவை

ஊர்தோறும் ஒரு மாளிகை கட்ட வேண்டும் என்பதன்று இங்கு கூறப்படுவது. ஓர் இலக்கிய வட்டம் தன் ஆற்றலுக்குள் செய்யத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, சேர்ப்பதற்கு முன் பட்டியலிடுவது. எந்த வீட்டில், எந்தக் கடையில், எந்தப் பள்ளிவாசலில், கோயிலில், தேவாலயத்தில், பள்ளியில் என்ன ஏடு உள்ளது, எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்த மொழியில் உள்ளது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே பாதிப்பணி முடிந்தது. 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது. அதற்கு முந்தைய கர்ணங்களின் வீடுகளில் தங்கிய பழங்கணக்கு ஏதேனும் உண்டா என ஊர்தோறும் கேட்கத் தக்கது.

இரண்டாவது, மூலத்தைப் பறிக்காமல் படியெடுப்பது. ஏட்டை இரவல் வாங்கித் திருப்பித் தராமையால் அழிந்த நம்பிக்கை ஏராளம். உரியவர் முன்னிலையிலேயே படம் எடுத்து, மூலத்தை அவரிடமே ஒப்படைத்து, ஒரு படியையும் அவர்க்கே அளித்தால், அடுத்த வீட்டுப் பெட்டியும் தானே திறக்கும். எடுத்த படி ஒரே கணிப்பொறியில் இருந்தால் அது காப்பாகாது. மூன்று இடங்களிலாவது இருத்தல் வேண்டும். கிழிந்த தாளைப் பசை நாடாவால் ஒட்டுதல், பிளாஸ்டிக் உறைக்குள் உருக்கி மூடுதல் போன்ற நல்லெண்ணக் கேடுகளைத் தவிர்த்தல் வேண்டும். தரையில் வைக்காமல், சுவரில் சாய்க்காமல், ஈரமும் கரையானும் அணுகாத அலமாரியில் காற்றோட்டத்தோடு வைப்பதே எளிய காப்பு.

மூன்றாவது, முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்வது. 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். எந்த ஆண்டு எந்தத் தோல் ஷாப்பில் சேர்ந்தார், முதல் கூலி எவ்வளவு, அன்று எத்தனை தோலுக்கு என்ன கணக்கு, அந்தக் கருவிக்கு என்ன பெயர், குடிநீர் எந்தக் கிணற்றில் எடுத்தார், அது எப்போது நின்றது என்று கேட்டால் வரலாறு வரும். காலணி ஆலைகளில் பணிபுரியும் பெண்களிடமும் இன்றே கேட்க வேண்டும். அவர்களின் நிகழ்காலமே நாளைய வரலாறு. சொல்பவர் எதை வெளியிடலாம், எதை வெளியிடலாகாது என்கிறாரோ, அச்சொல்லுக்குக் கட்டுப்படுதல் இப்பணியின் முதல் அறம்.

நான்காவது, ஊர்ப்பெருமையிலிருந்து ஊர் வரலாற்றைப் பிரிப்பது. கிடைத்த கல்லுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டு ஏற்றிச் சொல்வதும், ஊர்ப்பெயருக்கு மனம்போன போக்கில் பொருள் கூறுவதும் மலர்களுக்கு அழகூட்டலாம்; வரலாற்றுக்கு ஊறு செய்யும். படித்தது இது, கேட்டது இது, ஊகித்தது இது என மூன்றையும் தனித்தனியே எழுதும் பழக்கம் ஒன்று வந்தால் போதும். ஆம்பூரின் குறிப்பேட்டைச் சென்னை ஆய்வாளரும் நம்பிக் கையாள்வார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் காலின் மெக்கன்சி தம் உதவியாளர்களை ஊர்ஊராக அனுப்பிச் சுவடியும் கல்வெட்டும் வாய்மொழியும் திரட்டினார். அந்நியர் ஒருவர் தம் ஆட்சியின் தேவைக்காகவும் தனி ஆர்வத்தாலும் செய்த அப்பணி, இன்று ஊரார் தம் தேவைக்காகச் செய்ய வேண்டிய பணியாக நிற்கிறது.

பத்தாண்டு நிறைவு என்பது ஓர் அமைப்பு தன் வரலாற்றைத் தானே எண்ணிப் பார்க்கும் தருணம். அழைப்பிதழ், வரவு செலவுக் குறிப்பு, வந்து பேசியோர் கையெழுத்து, இளைஞர் படித்த முதல் கவிதையின் கைப்படி ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு, ஆண்டு எழுதி வைப்பதிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். தன் பத்தாண்டைக் காக்கத் தெரிந்த அமைப்பே ஊரின் நூறாண்டைக் காக்கும்; ஊர்கள் காத்தால் மாநிலத்தின் வரலாறு முழுமை பெறும்.

மாடுகளைக் காத்து மாண்டவன் பெயரை ஆமையூர் கல்லில் எழுதிற்று. அம்மாட்டுத் தோலை ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பி ஊரையே வளர்த்தவர்களின் பெயரை ஆம்பூர் இன்னும் எழுதவில்லை. எழுதத்தக்கவர் இருக்கும்போதே, சொல்லத்தக்கவர் உயிரோடிருக்கும்போதே, அது எழுதப்பெற வேண்டும்.